சீட்டு இருக்கு, பேரு இல்ல

(வேளச்சேரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. வசந்தா கையில் வாக்காளர் அட்டை.)

வசந்தா: அண்ணே, இதுக்கு வேலிடிட்டி போட்டுக் குடுங்க.

கடைக்காரர்: சிம் கார்டாம்மா, ரீசார்ஜ் பண்றதுக்கு?

வசந்தா: 2019ல போடல, 2021ல போடல. 2024ல வெள்ளிக்கிழமை எலக்‌ஷன் வெச்சாங்க, ஏற்காடு போயிட்டோம். பேரைத் தூக்கியிருப்பாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

கடைக்காரர்: ஓட்டுப் போடலைன்னு யாரும் தூக்க மாட்டாங்க. வீடு மாறினா, இறந்துட்டா, ரெண்டு இடத்துல பேர் இருந்தா, அப்பத்தான் கை வெப்பாங்க. பழைய வீடு?

வசந்தா: பெரம்பூர். 2018லயே காலி பண்ணிட்டோம்.

கடைக்காரர்: அங்கதான் வில்லங்கமே. பிஎல்ஓ, அதான் வாக்குச்சாவடி நிலை அலுவலர், போயிருப்பாங்க. எதிர்வீட்டுல “அவங்க எப்பவோ போயாச்சு”ன்னிருப்பாங்க.

வசந்தா: ஒரு நோட்டீஸ் கூடவா விட மாட்டாங்க?

கடைக்காரர்: விடுவாங்களே. பெரம்பூர் வீட்டுக்கு.

வசந்தா: அடப்பாவமே!

கடைக்காரர்: 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடா கணக்கெடுப்புப் படிவம் வந்துச்சே, பூர்த்தி பண்ணிக் குடுத்தீங்களா?

வசந்தா: எங்க வாசலுக்கு வரவே இல்லையே.

கடைக்காரர்: பேர் பெரம்பூர்ல இருந்தா படிவமும் அங்கதான் போகும். திரும்பி வராத படிவத்துக்காரங்க பேர் வரைவுப் பட்டியல்லயே ஏறல. கார்டு நம்பரைச் சொல்லுங்க, 3 எழுத்து, 7 இலக்கம். பேரை வெச்சுத் தேடினா ஊர்ல இருக்கற வசந்தா எல்லாம் வரிசைகட்டி வருவாங்க... இல்லம்மா. காணோம்.

வசந்தா: கார்டுதான் கையில இருக்கே!

கடைக்காரர்: பட்டியல்ல பேர் இருந்தா கார்டு தொலைஞ்சாலும் ஆதாரைக் காட்டிப் போடலாம். பேர் இல்லைனா இதை வெச்சு முதுகு சொறிஞ்சுக்கலாம். பேர் இருந்திருந்தா படிவம் 8, வேளச்சேரிக்கு மாத்திடலாம். இல்லாததால புதுசா சேர்க்கற படிவம் 6.

வசந்தா: ரெண்டையும் போட்டுவிடுங்க, எது வொர்க் அவுட் ஆகுதோ ஆகட்டும்.

கடைக்காரர்: அப்படிப் பேசாதீங்க. வேற எங்கயும் பேர் இல்லைன்னு 6லயே கையெழுத்து வாங்கறாங்க. தெரிஞ்சே பொய் சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கலாம். அங்க ஏற்காடு கிடையாது. போட்டோ, பிறந்த தேதிக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒண்ணு.

வசந்தா: ஆதார்?

கடைக்காரர்: அதுல எந்த ஊரு?

வசந்தா: பெ... பெரம்பூர்.

கடைக்காரர்: நினைச்சேன். கரண்ட் பில்?

வசந்தா: ஹவுஸ் ஓனர் பேர்ல. கேஸ் பில் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு.

கடைக்காரர்: பிழைச்சீங்க. கணவர் பேர்ல இருந்தாலும் செல்லும், ஆனா அவர் இதே முகவரியில வாக்காளரா இருக்கணும், ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும். இப்பவே போட்டுடுவோம். வேட்புமனு கடைசி நாள் தாண்டிட்டா அந்த எலக்‌ஷனுக்குப் பேர் சேர்க்க முடியாது. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கும்பல் வரும் பாருங்க, என்னையே மொறைக்கும்.

வசந்தா: இதோட முடிஞ்சுதா?

கடைக்காரர்: ஒரு விண்ணப்ப எண் வரும், பத்திரம். நிலவரம் கேட்க 1950க்கு போன் பண்ணுங்க. அப்புறம் பிஎல்ஓ வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க.

வசந்தா: எப்ப வருவாங்க?

கடைக்காரர்: நீங்க எப்ப ஏற்காடு போறீங்க?