தறி போட இடம் வேண்டும்

இலங்கையின் கிழக்குக் கரையில் நெசவுக்குப் பேர்போன எங்கள் மருதமுனையின் பிரதான வீதியில் மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எழும்பட்டும், ஊர் வளரத்தான் வேண்டும். ஆனால் நகர அபிவிருத்தி பற்றிய பேச்சில் தறிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் கேட்டு நான் அறியவில்லை. என் கவலை அதுதான்.

கடைக்கு வீதியோர முகப்பு போதும். நெசவுக்கு வளவு வேண்டும். சாயம் போட்ட நூலை அலசத் தண்ணீர், காயப்போட வெயில், பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், ஓட நீளமான இடம், அப்புறம் தறி நிற்க ஒரு கொட்டில். என் மூத்தம்மா திண்ணையில் ராட்டையோடு இருப்பா. அடுத்த வளவு ராத்தாவும் வந்து நூல் சுற்றிக் கொடுப்பா. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு முனையையும் விரல் நுனியால் திரித்து முடிந்த பிறகுதான் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மறுபடி ஓடும். வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள் தேடிய காசு அது. வளவைத் துண்டாக்கிக் கட்டடம் போட்டால் முதலில் போவது அந்தக் கொட்டில்.

1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டுத் துணி குவிந்து, நாடு முழுக்கக் கைத்தறி படுத்துவிட்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து வீடுகளோடு தறிகளையும் அள்ளிப்போனது. பிறகு கரையோரத்தில் கட்டத் தடை வந்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று அறிவித்து, அப்புறம் தளர்த்தினார்கள். வீடு இழந்தவர்களுக்கு வீட்டுத்திட்டங்கள் கிடைத்தன, அந்த நன்றியை மறக்க மாட்டோம். ஆனாலும் அளந்து கட்டிய அந்த அறைகளில் கட்டில் போடலாம், தறி போட முடியாது.

விற்பனை நிலையம் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். சரி, நல்ல விசயம். அங்கே அடுக்கி வைக்கிற சாறனை எங்கே இருந்து நெய்வது?

மாநகரசபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் நெசவு நடக்கிற ஒழுங்கைகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும். தறி இருந்த வளவில் கடை கட்ட அனுமதி கொடுத்தால், பின்பக்கம் தறிக்கு இடம் விடச் சொல்ல வேண்டும். சாயத் தண்ணீர் ஓட ஒழுங்கான வடிகாலும், எல்லோரும் பாவு ஓட ஒரு பொதுக் கொட்டிலும் வேண்டும். இவை பெரிய செலவுள்ள கோரிக்கைகள் இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தறியில் இருக்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். எத்தனை அடி வேண்டும் என்று அவர்களே அளந்து சொல்வார்கள்.