ஹாரி பாட்டரும் சாத்தான் வழிபாடும்: அந்தச் செய்தி வெறும் நையாண்டி

‘ஹாரி பாட்டர் படித்து 1 கோடியே 40 லட்சம் பேர் சாத்தான் வழிபாட்டுக்குப் போய்விட்டார்கள், எழுதியவரே ஒப்புக்கொண்டார்’ என்ற தகவல் பரவுகிறது. இது தவறு.

இதன் மூலம், ‘தி ஆனியன்’ என்ற அமெரிக்க நையாண்டி இதழ் 2000 ஜூலையில் வெளியிட்ட கற்பனைக் கட்டுரை. அந்த எண்ணும் நூலாசிரியர் ஜே.கே. ரௌலிங் சொன்னதாக வரும் வரிகளும் அதற்காகப் புனையப்பட்டவை. யாரோ இதழின் பெயரை நீக்கிவிட்டு மின்னஞ்சலில் அனுப்ப, படித்தவர்கள் உண்மையென நம்பிவிட்டார்கள். இத்தனைக்கும் கட்டுரை 1995 முதல் கணக்குச் சொல்கிறது. முதல் புத்தகம் வந்ததோ 1997 ஜூனில்! ‘தி ஆனியன்’ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். உண்மை சரிபார்க்கும் ஸ்னோப்ஸ் தளமும் இதை விளக்கியிருக்கிறது.

ஹாரி பாட்டர் நூல்களுக்கு எதிர்ப்பு இருந்தது உண்மைதான். 2000–2009இல் அமெரிக்காவில் மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்கள் இவை என்கிறது அமெரிக்க நூலக சங்கம். அங்கே ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் பள்ளிகளில், பெற்றோர் அனுமதி இருந்தால்தான் மாணவர்களுக்கு இவை கிடைக்கும் என்று வைத்திருந்தார்கள். 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் என்பதைப் பெற்றோர் தாராளமாக யோசிக்கலாம், ஆனால் பொய்க் கணக்கை வைத்து வேண்டாம். இந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.