சிப் முதுகில் இருக்கட்டும், போன் நம்பர் கழுத்தில் இருக்கட்டும்

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் "சிப் போட்டாச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. 2025-இல் மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. உரிமக் கட்டணம் 50 ரூபாய், உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். கடைசித் தேதி தள்ளித் தள்ளிப் போனது, மாநகராட்சி சிகிச்சை மையங்களில் நாயும் கையுமாக வரிசையில் நின்றார்கள். நல்ல ஆரம்பம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சிப் போட்ட கையோடு "இனிமே தொலைஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம்" என்று கழுத்துப் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்களே சிலர், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

சிப் என்பது ஒரு அரிசி அளவுக் கண்ணாடிக் குப்பி. ஊசியில் ஏற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் போடுகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. ஸ்கேனரை உடம்போடு ஒட்டினாற்போல் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும், அவ்வளவுதான். உங்கள் பெயரும் போன் நம்பரும் அந்த எண்ணுக்கு எதிரே ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், அது பழைய நம்பராக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் விலங்குக் காப்பகங்களில் எடுத்த ஒரு ஆய்வு 2009-இல் வெளியானது. தொலைந்து வந்த நாய்களை மொத்தமாகப் பார்த்தால் 22 சதவீதம்தான் வீடு திரும்பின, சிப் இருந்த நாய்களில் 52 சதவீதம் திரும்பின. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சிப் இருந்தும் பாதிக்குப் பாதி திரும்பவில்லையே, ஏன்? முக்கியக் காரணம், பதிவில் இருந்த போன் நம்பர் தப்பு, அல்லது இணைப்பே இல்லை. காப்பகத்துக்குக் காப்பகம் ஸ்கேனர் வைத்திருக்கும் ஊரின் கதை இது.

நம் ஊரில் தொலைந்த நாயை முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லை. பால் பாக்கெட் போடுகிறவர், தெருக் கூட்டுகிறவர், வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர். இவர்கள் கையில் ஸ்கேனர் இருக்காது, போன் இருக்கும்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழுப்பு நிற நாட்டு நாய் வந்து ஒண்டியது. தெரு நாய் என்று நான் கடந்து போயிருப்பேன். வண்டிக்காரர்தான் கூப்பிட்டார். "இது வீட்டு நாய் அக்கா. கழுத்தைப் பாருங்க." பார்த்தேன். கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு முடி அமுங்கி, லேசாக நிறம் வெளுத்து, வளையமாக ஒரு தடம். பெல்ட் கிடந்த இடம். பொறையை நீட்டினால் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கிக் கையில் வைக்கிறது. யாரோ உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "நம்பர் மட்டும் இருந்தா இந்நேரம் போன் போட்டு வரச் சொல்லியிருப்பேன்" என்றார். கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். தோளில் ஆரம்பித்து முதுகு, விலா, கழுத்தடி என்று ஸ்கேனரை மெதுவாக நகர்த்தினார்கள், சில சமயம் சிப் இடம் மாறியிருக்குமாம். ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியில் அடையாளம் சொன்னது ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு கேட்டுக்குள் தினமும் பார்த்த நாயாம். குளிப்பாட்டுவதற்காகப் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, கேட் திறந்திருக்கிறது.

அதனால் என் கட்சி இதுதான்: போன் நம்பர் முதலில், சிப் அடுத்தது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலில் நாய்களுக்கு சிப் கட்டாயமானது. ஆனாலும் பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்துப்பட்டையில் வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992 உத்தரவை அவர்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. இரண்டுக்கும் வேலை வேறு வேறு. பெல்ட் அறுந்து போகும், திருடுகிறவன் முதலில் அதைத்தான் கழற்றுவான். அப்போது சிப் பேசும். மற்ற நாளெல்லாம் பெல்ட்தான்.

தகடு எங்கே கிடைக்கும், ஆன்லைனில் ஆர்டர் போடவா என்று கேட்கிறார்கள். பாத்திரக்கடைக்குப் போங்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் "அன்பளிப்பு" என்று பெயர் வெட்டித் தருகிற அதே மெஷின், ர்ர்ர் என்று பல்லைக் கூசவைக்கும் சத்தத்தோடு, ஒரு சின்ன ஸ்டீல் தகட்டில் பத்து இலக்கத்தை வெட்டிவிடும். நாலு தலைமுறைக்கு முந்தைய அண்டாவில்கூடத் தாத்தா பேர் இருக்கும் வீடுகள் நம்முடையவை. நாய்க்குச் செய்வதில் என்ன கஷ்டம்? முடிந்தால் இரண்டு நம்பர் வெட்டுங்கள், ஒன்று வெளியூர் போனாலும் எடுக்கக்கூடிய ஆளுடையது. வளையத்தில் தொங்குகிற தகடு எங்காவது மாட்டி விழுந்துவிடும். பெல்ட்டோடு படிய வைத்து ரிவிட் அடித்தது நீடிக்கும், செருப்புத் தைப்பவரே அடித்துத் தருவார். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதைவிடத் தளர்ந்தால் தலை வழியாக உருவிக்கொண்டு ஓடும்.

க்யூஆர் கோடு தகடு? பெட்டிக்கடை வரைக்கும் ஸ்கேன் பண்ணிப் பணம் போடுகிற ஊர்தான், சரி. ஆனால் அந்தக் கோடு ஒரு கம்பெனியின் இணையதளத்துக்குப் போகிறது, கம்பெனி மூடினால் தகடு வெறும் தகடுதான். வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் நம்பரையும் வெட்டிவிடுங்கள். ஆப்பிள் கம்பெனியின் ஏர்டேக் மாதிரி, தொலைந்த பொருளைத் தேட உதவும் சாதனங்கள் ப்ளூடூத்தில் ஓடுபவை. பக்கத்தில் யாரிடமாவது ஐபோன் இருந்தால்தான் இடம் காட்டும். ஆப்பிளே அதைப் பொருட்களுக்குத்தான் என்கிறது, செல்லப்பிராணிகளுக்கு என்று சொல்லவில்லை.

இன்னொன்று, தீபாவளி. சத்தத்தின் சுருதி ஏற ஏற நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்கிறார்கள். சரவெடிக்கு அரண்டு ஓடும் நாய் திசை பார்த்து ஓடாது. அடுத்த தெரு நாய்கள் அதைத் துரத்தும், அந்த எல்லை முடிந்ததும் அதற்கடுத்த தெருக் கூட்டம் துரத்தும். எனவே நடுரோட்டில் தேடிப் பிரயோஜனமில்லை. நின்றிருக்கும் காருக்கு அடியில், பாதியில் நிற்கும் கட்டடத்தில், கருவேலம் மண்டிய காலி மனையில், மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் பாருங்கள். பகலெல்லாம் பதுங்கியிருந்துவிட்டு ஊர் அடங்கியபின் வெளியே வரும். விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சோடு போனால் கண்கள் மின்னும்.

பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். பயத்தில் இருக்கும் நாய்க்கு உங்களையே அடையாளம் தெரியாமல் போகலாம். பெயர் சொல்லிக் கத்தினால் இன்னும் ஓடும். கொஞ்ச தூரத்தில் தரையில் உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல். வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுகிற அதே தட்டை மெல்லத் தட்டுங்கள். அதுவாக மோந்துகொண்டு வரும். உதவிக்கு வரும் பையன்களிடமும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாவம், நல்ல எண்ணத்தில் பத்துப் பேர் சூழ்ந்து, பயந்த நாயை மெயின் ரோட்டுக்கு விரட்டிவிடுவார்கள்.

நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு: "ஷிட்சு" என்று இனப் பெயர் போட்டால் பால்காரருக்கு என்ன தெரியும்? வெள்ளை, குட்டை, கண்ணை மூடுகிற முடி என்று எழுதுங்கள். போட்டோ பெரிதாக, நம்பர் அதைவிடப் பெரிதாக. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு மச்சத்தையோ தழும்பையோ எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். "நாய் எங்கிட்டதான் இருக்கு, முதல்ல ஜிபே பண்ணுங்க" என்று ஒரு போன் நிச்சயம் வரும். வீடியோ காலில் அந்தத் தழும்பைக் காட்டச் சொன்னால் ஆசாமி கட் பண்ணிவிடுவான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வாட்ஸ்அப் பார்வர்டுகள் மேல்தான். "நாயைக் காணவில்லை, ப்ளீஸ் ஷேர்." எந்த ஊர்? என்றைக்கு? எதுவும் இருக்காது. நாய் எப்போதோ வீட்டுக்கு வந்து சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கும், அதன் படம் மட்டும் குரூப் குரூப்பாக அலைந்துகொண்டிருக்கும். அப்புறம் உண்மையாகவே நேற்று தொலைந்த நாயின் படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை.

காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்து "யாரோ கொடுமைப்படுத்திட்டாங்க" என்று போஸ்ட் போடுவதும் வேண்டாம். கருத்தடை முடிந்த தெரு நாய்க்கு அதுதான் அடையாளம், மத்திய அரசின் 2023 கருத்தடை விதிகளின்படி செய்வது. அது தொலைந்த நாயாக இருக்க வாய்ப்புக் குறைவு, அதன் தெருவே அதுதான்.

ஏற்கெனவே சிப் போட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரை ஸ்கேன் பண்ணச் சொல்லி, வருகிற எண்ணும் உங்கள் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிம் மாற்றியிருந்தால் பதிவிலும் மாற்றுங்கள். ஸ்கேனர் இருக்கிற மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து.