ஜாருக்குள் ஜார் வைத்தால் ஆப்லெட் எடுத்துக்கொள்ளாது

ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறிய ஜாவா நிரல்) வேறொரு நூலகத்தின் ஜாரை (ஜாவா கிளாஸ்களைக் கட்டிவைக்கும் கோப்பு) பயன்படுத்த என்ன செய்வது என்ற கேள்விக்கு, "நூலக ஜாரை ஆப்லெட் ஜாருக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் சர்வரின் கிளாஸ்பாத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று பதில் சொல்வதுண்டு. இரண்டுமே தவறு. ஆப்லெட் ஓடுவது பயனரின் உலாவியில். சர்வரின் கிளாஸ்பாத் (அங்கே கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அதற்குத் தெரியவே தெரியாது. ஜாருக்குள் இருக்கும் ஜாரையும் ஜாவாவின் வழக்கமான கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) திறந்து பார்க்காது. நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் ஓடுகிறதே என்றால், அங்கே பில்ட் பாத் (அதில் நீங்கள் சேர்த்துவைத்த ஜார்களின் பட்டியல்) காப்பாற்றுகிறது. வலைப்பக்கத்தில் ஏற்றியதும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்தான் (கிளாஸ் கிடைக்கவில்லை என்னும் பிழை).

சரியான வழி இது: பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் ஆப்லெட் டேகின் ஆர்க்கைவ் பண்பில் எல்லா ஜார்களையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள் (விண்டோஸ் பழக்கத்தில் அரைப்புள்ளி போட்டுவிடாதீர்கள்). அந்தப் பாதைகள் கோட்பேஸைப் (அதே டேகில் ஆப்லெட் கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பண்பு) பொறுத்தவை. மேனிஃபெஸ்டில் (ஜாருக்குள் அதன் விவரங்களைச் சொல்லும் கோப்பு) கிளாஸ்-பாத் வரி எழுதினாலும் வேலை செய்யும், ஆனால் அங்கே பிரிப்பது இடைவெளி. அந்தக் கோப்பின் கடைசி வரிக்குப் பின் என்டர் தட்ட மறந்தால் அந்த வரியே விடுபட்டுப்போகும், பிழைச்செய்தியும் வராது!

கையொப்பமிட்ட (யார் தந்தது என்பதை டிஜிட்டல் சான்றிதழால் உறுதிசெய்த) ஆப்லெட் என்றால் நூலக ஜார்களிலும் அதே சான்றிதழால் கையொப்பமிடுங்கள். ஜாவா 6 அப்டேட் 19 முதல், கையொப்பமுள்ளதும் இல்லாததும் கலந்திருந்தால் எச்சரிக்கைப் பெட்டி எழும்.

இதெல்லாம் ஜாவா 10 வரைக்கும்தான். 2018இல் வந்த ஜாவா 11இல், ஆப்லெட்டை உலாவியில் ஓட்டும் செருகியே கிடையாது.