கேட்பதற்கு முன் சாத்த வேண்டிய கதவு

வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலத்தையும் மனநலத்தையும் ஒருசேர ஆராயும் பொதுச் சுகாதார ஆய்வாளரின் பணியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், சற்று நேரத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "பதினான்கு வயதுப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்கலாமா?" பெரும்பாலும் பெற்றோர்தாம் இப்படிக் கேட்கிறார்கள், அதில் அக்கறை இருக்கிறது, எனவே அதைப் பழமைவாதம் என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இத்தகைய ஆய்வுகளையும் அவற்றின் வினாத்தாள்களையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், கேட்கலாமா என்பதைவிட எப்படிக் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்பவையே கடினமான கேள்விகள் என்று நான் நினைக்கிறேன்.

முதலில், இவ்விரண்டையும் ஏன் சேர்த்துக் கேட்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. பருவமடைதல் நிகழ்வதும் இந்த ஆண்டுகளில்தான்; மனநோய்கள் பல முதன்முதலாகத் தலைகாட்டுவதும் இந்த ஆண்டுகளில்தான். உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மனநலக் கோளாறுகளுக்கு ஆளானவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 14 வயதுக்கு முன்பும், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 18 வயதுக்கு முன்பும் அது தொடங்கிவிடுகிறது. தொடக்கம் மிக அதிகமாகக் காணப்படும் வயது பதினான்கரை. மாதவிடாய் தள்ளிப்போனதை யாரிடமும் சொல்ல முடியாமல் இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் ஒரு சிறுமியின் துயரம் பாலியல் நலத்தைச் சேர்ந்ததா, மனநலத்தைச் சேர்ந்ததா? தனக்குத் தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்பு இருப்பதை உணர்ந்து, அது வெளியே தெரிந்துவிடுமோ என்று நாள்தோறும் தன் பேச்சையும் நடையையும் தானே கண்காணித்துக்கொள்ளும் சிறுவனின் பதற்றத்தை எந்தத் துறையின் கோப்பில் எழுதுவது? நிதி ஒதுக்குபவர்கள் இதைக் கருத்தடை, பால்வினை நோய், மனச்சோர்வு என்று தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துவைத்திருக்கலாம். பிள்ளைகளின் வாழ்க்கையில் அப்படிக் கட்டங்கள் இல்லை.

இனி அந்தப் பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். கேட்பதே ஒரு எண்ணத்தை விதைத்துவிடும் என்ற ஐயம் வெறும் வாதத்தால் தீரக்கூடியதன்று; அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்தும் இருக்கிறார்கள். மேட்லின் கூல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரின் வினாத்தாளில் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைச் சேர்த்தார்கள். இரண்டு நாள்களுக்குப் பின் இரு குழுவினரிடமும் அக்கேள்விகளைக் கேட்டார்கள். 2005ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், முன்பே கேட்கப்பட்ட குழுவினரிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடியிருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் முன்னர் தற்கொலைக்கு முயன்றவர்களும், கேள்வி கேட்கப்பட்டபோது, கேட்கப்படாத தம்மையொத்தவர்களைவிட முறையே குறைவான உளைச்சலுடனும் குறைவான தற்கொலை எண்ணத்துடனும் காணப்பட்டார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர்கள் காத்திருந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

பாலியல் கல்வியிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அது பாலியல் செயல்பாட்டை விரைவுபடுத்துவதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டி பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறது. மறுபுறம், அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்றின் தரவுகளைக் கொண்டு பீட்டர் பியர்மனும் ஹன்னா ப்ரூக்னரும் கண்டது சிந்திக்கத் தக்கது: திருமணம் வரை உடலுறவு கொள்வதில்லை என்று உறுதிமொழி எடுத்த இளைஞர்களிடமும் எடுக்காதவர்களிடமும் பால்வினை நோய்த் தொற்றின் அளவில் வேறுபாடு இருக்கவில்லை, ஆனால் உறுதிமொழி எடுத்தவர்கள் முதல் உறவின்போது ஆணுறை பயன்படுத்துவது குறைவாக இருந்தது.

பாதுகாப்பாகக் கேட்கலாம் என்றாகிவிட்டாலும் உண்மையான பதில் கிடைக்கும் என்று பொருளில்லை. இத்துறையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 1998இல் சார்லஸ் டர்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு. 15 முதல் 19 வயது வரையுள்ள அமெரிக்க ஆண்பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் காகித வினாத்தாளைக் கொடுத்துத் தாமே நிரப்பச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் காதில் ஹெட்போனை மாட்டி, கணினி வாசிக்கும் கேள்விகளுக்கு விசையை அழுத்திப் பதிலளிக்கச் சொன்னார்கள். இரண்டிலும் கேள்விகள் ஒன்றே. ஆணுடன் பாலுறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் 1.5 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள், கணினியில் 5.5 விழுக்காட்டினர். பிள்ளைகள் மாறவில்லை, கேட்ட முறைதான் மாறியது, எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. இத்தனைக்கும் அந்தக் காகிதமே அவர்கள் தனியாக நிரப்பியதுதான். அப்படியென்றால் பக்கத்து அறையில் தாய் இருக்க, முன்பின் அறியாத ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து வாசிக்கும் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை என்னவென்று எடுத்துக்கொள்வது? "இங்கே அப்படியெல்லாம் எதுவும் இல்லை" என்று சில அறிக்கைகள் பெருமையுடன் அறிவிக்கும்போது, கதவு சாத்தியிருந்ததா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சொல்லப்படாத ஒன்றை இல்லாத ஒன்றாக எண்ணிக் கூட்டல் போடுவது நேர்மையான கணக்கன்று.

சொற்களின் சிக்கல் தனி. பெரியவர்கள் எழுதும் "பாலியல் தொடர்பு" என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சோதிக்காமல் அச்சுக்கு அனுப்பினால், கிடைக்கும் பதில்கள் ஏதோ வேறொரு கேள்விக்கானவையாக இருக்கும்.

ஒப்புதல் விஷயத்தில் எனக்கே இன்னும் முழுத் தெளிவு கிட்டவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சிறாரை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் அனுமதியும் பிள்ளையின் இசைவும் வேண்டும் என்பது பொதுவிதி. அந்த விதி நல்லது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளாகும் ஒரு பிள்ளையைப் பற்றிய ஆய்வுக்கு, அந்த வன்முறையைச் செய்பவரிடமே கையெழுத்து வாங்க நேர்ந்தால், எந்தப் பிள்ளையைத் தேடிப் போகிறோமோ அதே பிள்ளை முதலில் விடுபட்டுப் போகும். இதை உணர்ந்துதான் 2016ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வு நெறிமுறைகள், விதிவிலக்கான சூழல்களில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பெற்றோர் அனுமதியைத் தளர்த்த இடம் தருகின்றன. அந்தத் தளர்வை ஆய்வாளர் தம் வசதிக்காகப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. எனவே பெற்றோரின் எதிர்ப்பை முற்றிலும் தேவையற்றதாக நான் கருதவில்லை. இரகசியம் காப்போம் என்ற வாக்குறுதியும் அப்படித்தான். பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கும் இடத்தில், வாக்குறுதியின் எல்லையைப் பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பின்பு சொல்வது ஏமாற்று.

என் கோபம் பெரும்பாலும் இன்னொரு வகை ஆய்வுகள்மீதுதான். தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று கேட்டு, ஆம் என்று குறித்த தாளை உறையிலிட்டு, மூன்று மாதம் கழித்து அலுவலகத்தில் பிரித்து, விழுக்காடாக மாற்றும் ஆய்வுகள். பெயரில்லாத வினாத்தாளில் யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மையே. பெயர் கேட்டால் பலர் உண்மையை எழுத மாட்டார்கள் என்பதும் உண்மையே. இந்த முடிச்சுக்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆனால் அன்றைய தினமே, அந்த வளாகத்திலேயே, விரும்புகிறவர் வந்து பேச ஒரு பயிற்சி பெற்ற மனிதரை உட்காரவைக்க வழியில்லாத ஆய்வு, அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

அந்த மனிதர் யார் என்பதும் சிறிய விஷயமன்று. பீகாரில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நடந்து, 2018இல் முடிவுகள் வெளியான ஒரு சோதனையில், மாணவர் நலனுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் அதற்கென நியமித்துப் பயிற்சியளித்த, மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லாத ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வின் அறிகுறிகளும் துன்புறுத்தலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பலன் எதுவும் தென்படவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டே நடத்திய மனக்கவனப் பயிற்சிச் சோதனையும் (நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழக்குவது), வழக்கமான வகுப்புகளைவிட மேலான பயனைத் தரவில்லை என்று 2022இல் தெரியவந்தது. ஆசிரியர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை; மதிப்பெண் போடும் கையிடமே மனத்தையும் திறந்து காட்டு என்று பிள்ளையிடம் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பீகார் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பள்ளிகளில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். தமக்கு நேர்ந்ததையோ தம் ஐயத்தையோ பெயரில்லாமல் எழுதி மாணவர்கள் அதில் போடலாம். ஆய்வறிக்கையின் அட்டவணைகளில் அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு வரி கிடையாது. ஆனாலும் அந்த அறிக்கையைப் புரட்டும்போதெல்லாம், முதல் சீட்டைப் போடுவதற்கு முன் தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும் அந்தப் பிள்ளைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.