நம்பை அணியின் துண்டு தனி நகல் அன்று

பைத்தான் நிரல்மொழியில் எண் கணக்குகளுக்கான நூலகமான நம்பையில் (NumPy), எண்களை வரிசையாக வைக்கும் அணியின் (array) ஒரு பகுதியைத் துண்டாக எடுத்தால் தனி நகல் கிடைக்கும் என்றும், அதை மாற்றினாலும் மூல அணி மாறாது என்றும் நண்பர் ஒருவர் இங்கே எழுதியதைப் பலரும் வழிமொழிந்திருக்கிறார்கள். பைத்தானின் சாதாரண லிஸ்டுக்கு அது சரி, நம்பைக்குப் பொருந்தாது. தொடக்க, முடிவு எண் கொடுத்து எடுக்கும் துண்டு, மூல அணியின் அதே நினைவகத்தையே காட்டுகிறது.

பாம்பன் படகுகளின் மீன்பாட்டு எடைகளைத் தசம எண்களாக ஒரே அணியில் வைத்து, வடகடல் படகுகளின் பகுதியைத் துண்டாக எடுத்து, கிலோவை டன்னாக்க 'துண்டு /= 1000' என்று எழுதினால், மூலத்திலும் அந்த எடைகள் டன்னாகிவிடும்; தென்கடல் எடைகள் கிலோவிலேயே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எவரும் சோதித்துப் பார்க்கலாம்: 5 எண்கள் கொண்ட அணியில் முதல் மூன்றைத் துண்டாக எடுத்து, துண்டின் முதல் எண்ணை 99 ஆக்கி, மூலத்தை அச்சிட்டால் அதிலும் 99 இருக்கும். மூலம், துண்டு இரண்டையும், ஒரே நினைவகத்தைப் பகிர்கின்றனவா என்று சோதிக்கும் 'ஷேர்ஸ்_மெமரி' (shares_memory) செயற்கூறுக்குக் கொடுத்தால் 'ட்ரூ' (True, ஆம்) என்று விடை வரும். நிபந்தனை கொடுத்தோ இட எண்களின் பட்டியல் கொடுத்தோ எடுப்பது மட்டும் நகலாகவே வரும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். மற்றபடி தனி நகல் வேண்டுமானால் துண்டுக்குப் பின் '.காப்பி()' சேர்க்க வேண்டும்.