நாங்களும் செகண்ட் ஷோ பார்க்கிறோம்

கல்யாணம் ஆன ஒரு பெண், கல்லூரிச் சிநேகிதிகளோடு மட்டும் உட்கார்ந்து ராத்திரிக் காட்சி பார்க்க எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வழி கிடையாது. இதைச் சொன்னால் உடனே, "ஏன், தியேட்டர் எல்லாருக்கும்தானே திறந்து கிடக்கு" என்பார்கள். கிடக்கிறதுதான். வீட்டுக்காரரோடு போகலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், மாமியார் வீட்டு ஆட்கள் பத்துப் பேரோடு வரிசையாக உட்காரலாம். என் தம்பி படம் வந்த அன்றைக்கே கூட்டாளிகளோடு ராம் முத்துராம் தியேட்டருக்குப் போய்விட்டு விடியக்காலை வீடு வந்தால், "சாப்பிட்டியால?" என்று மட்டும் கேட்பார்கள். நாலு பெண்கள் பத்து மணிக் காட்சிக்கு ஜங்ஷனில் போய் இறங்கி ஒரு மணிக்குத் திரும்பினால் என்ன கேட்பார்கள் என்பது இதைப் படிக்கிற பெண்களுக்குத் தெரியும்.

அதனால் நாங்கள் வி.ஆர். தியேட்டருக்குப் போகிறோம். வி.ஆர். என்றால் விர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணை மூடி மாட்டுகிற ஹெட்செட் என்ற கருவிக்குள் நிஜம் போலத் தெரிகிற இடம். போன வருஷத்திலிருந்து, பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி. நான் பாளையங்கோட்டையில், ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி ஷார்ஜாவில், ஒருத்தி சுரண்டையில் கூட்டுக் குடும்பத்தில். முகத்தில் ஹெட்செட்டை மாட்டினால் நாலு பேரும் ஒரே இருட்டுக் கொட்டகையில், பக்கத்துப் பக்கத்து சீட்டில். எதிரே பெரிய திரை. இது விளையாட்டுப் பொருள், பணக்காரப் பொம்மை என்று எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிக்ஸ்கிரீன் என்று ஒரு செயலி. தர்ஷன் சங்கர் என்பவர் தொடங்கியது, 2016 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு அறையைத் திறந்து அதன் எண்ணைச் சிநேகிதிகளுக்கு அனுப்பினால் அந்த எண் உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரலாம். ஒருத்தி தன் கம்ப்யூட்டரிலிருந்து படத்தை ஓட்டினால் எல்லோருக்கும் திரையில் தெரியும். ஓட்டுகிறவள் வீட்டு இணையத்துக்கு அப்லோடு வேகம் வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எங்களில் ஆபரேட்டர் வேலை என்னுடையது.

"வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டுக்கொண்டு டிவியில் பார்த்தால் ஆகாதா?" என்று என் மதினியே கேட்டாள். ஆகாது. அதையும் செய்துதான் பார்த்தோம். ஒருத்தி வீட்டில் படம் ஒரு விநாடி முந்தி ஓடும். அவள் சிரித்த பிறகு நமக்கு அந்த வசனம் வரும். நாலு பேர் குரலும் ஒரே ஸ்பீக்கர் ஓட்டை வழியாக வரும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒருத்தி குரல் அமுங்கிப்போகும். முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருப்பது பேசுவதற்குச் சரி. படம் பார்க்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையே, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்காரலில்தான் சிநேகம் இருக்கிறது.

வி.ஆரில் குரலுக்குத் திசை உண்டு. இடது பக்கம் இருக்கிறவள் பேசினால் இடது காதில் மயிரிழை முந்தியும் கொஞ்சம் பலமாகவும் கேட்கும். மூளை அதை வைத்துத்தான் ஆள் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. தலையை அவள் பக்கம் திருப்பினால் குரல் நேருக்கு வந்துவிடும். சுரண்டைக்காரி என் காதோரம் குனிந்து, "ஏட்டி, இவன் நம்ம கெமிஸ்ட்ரி சார் மாதிரியே நடக்கான் பாரேன்" என்று சொன்ன அன்றைக்கு நான் நிஜமாகவே பக்கத்தில் திரும்பி அவள் தொடையில் தட்டப் போனேன். அவள் முகம் அங்கே ஒரு பொம்மை முகம்தான். ஆனால் தலையாட்டுகிற விதம் அவளுடையது, கையை வீசுகிற விதம் அவளுடையது. ஹெட்செட்டும் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரும் அசைவை அப்படியே எடுத்துக் காட்டுகின்றன. படித்த காலத்தில் மூன்று வருஷம் பக்கத்து பெஞ்சில் இருந்தவளை அசைவில் தெரியாதா?

என் ஆச்சி வீரவநல்லூர்க்காரி. அவள் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். கொட்டகைக்குள் பகல் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் படம். முதல் ஆட்டம், ரெண்டாம் ஆட்டம். ரெண்டாம் ஆட்டத்துக்கு ஆச்சி தெருப் பெண்களோடுதான் போவாள். "தெருவே கெளம்பிரும்லா. பிள்ளைகள மணல்ல உறங்கப் போட்டுட்டு படம் பாப்போம்" என்பாள். ராத்திரி ஒரு மணிக்குப் பேசிக்கொண்டே நடந்து வீடு வருவார்களாம்.

அம்மா காலத்தில் அது மேட்னியாகச் சுருங்கியது. மத்தியானச் சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டு அக்கம்பக்கத்து அக்காமாரோடு போய், பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்துவிட வேண்டும். டவுனில் ரத்னா, பார்வதி என்று அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு படத்தையும் எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தாள் என்று சொல்வாள். கதை மறந்திருக்கும், கூட வந்தவர்கள் பேர் மறக்காது. எங்கள் முறை வந்தபோது டிவி வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. ஊர்ப்புறத்துக் கொட்டகைகள் பல மூடிவிட்டன, சில கல்யாண மண்டபமாகிவிட்டன. பெண்கள் கூட்டாகப் போய்ப் படம் பார்த்த பழக்கமும் அவற்றோடு போய்விட்டது. ஆச்சிக்குக் கிடைத்தது பேத்திக்குக் கிடைக்கவில்லை. இதை முன்னேற்றம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அறுபது வருஷத்துக்கு முந்தி எழுத்து வாசிக்கத் தெரியாத பெண்கள் சேர்ந்து பார்த்த ரெண்டாம் ஆட்டத்தை எனக்குத் திரும்பக் கொடுப்பது ஒரு மிஷின் என்றால், அந்த மிஷினை நான் கொண்டாடத்தான் செய்வேன்.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. நான் வைத்திருப்பது மெட்டா குவெஸ்ட் 3 என்கிற ஹெட்செட். எடை 515 கிராம், அத்தனையும் முகத்தில். பேட்டரி ரெண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் தாங்கும், நம் படம் ரெண்டரை மணி நேரம். இடைவேளையில் ஒயரைச் சொருகிக்கொள்கிறோம். பின்னந்தலையில் வார் வருவதால் கொண்டை போட முடியாது, பூ வைத்துக்கொண்டு மாட்ட முடியாது. சித்திரை மாதப் பாளையங்கோட்டைப் புழுக்கத்தில் முகம் வேர்த்துக் கண்ணாடியில் ஆவி படியும், ஃபேனுக்கு நேரே உட்கார வேண்டும். தலை சுற்றுமா என்று பலர் கேட்கிறார்கள். கண் நகர்கிறதாகச் சொல்லி, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு நகரவில்லை என்று சொல்கிறபோதுதான் சுற்றும். தியேட்டரில் சீட்டும் நகராது, நாமும் நகர மாட்டோம். எங்கள் நாலு பேருக்கும் அந்தத் தொந்தரவு வந்ததில்லை.

பிள்ளை அழுதால் காதில் விழுமா என்கிறவர்களுக்கு: ஸ்பீக்கர் காதை அடைத்துக்கொண்டு இருக்காது, வாரில் திறந்தே இருக்கிறது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் அடுத்த அறையில் இருமினாலும் கேட்கும். ஹெட்செட்டின் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டினால் திரை போய் நம் அறை தெரியும். இத்தனையையும் நான் கற்றுக்கொண்டது, வீட்டைக் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரக் கூடாது என்பதற்காக. ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலைதான் பெரிய தடை. அதைவிட மலிவான குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் வந்தபோது அதன் தொடக்க விலையே சுமார் 300 டாலர். சுரண்டைக்காரிக்குத் தனக்கென்று அவ்வளவு செலவழிக்கிற சுதந்திரம் அந்த வீட்டில் இல்லை. நாங்கள் மூணு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். ஷார்ஜாக்காரி லீவில் வரும்போது பெட்டியில் கொண்டுவந்தாள். சுரண்டைக்காரியின் மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருக்கே மாட்டிவிட்டு ஒரு பழைய பக்திப் படம் போட்டுக் காட்டினாள். இப்போது, "இன்னைக்கு சனிக்கெழமல்லா, சீக்கிரம் சோத்தப் போடுட்டி" என்று அவரே சொல்கிறாராம்.

பெண்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொது அறைகளுக்குள் போகாதீர்கள். அறிமுகம் இல்லாத ஆட்கள் பெண் குரல் கேட்டதும் பக்கத்தில் வந்து நிற்பது அங்கேயும் உண்டு. 2021 கடைசியில் மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்கிற வி.ஆர். பொது உலகத்தில் பெண்களுக்கு இப்படி நடந்தது பெரிய செய்தியானது. 2022 பிப்ரவரியில்தான் உருவங்களுக்கு நடுவே சுமார் நாலு அடி இடைவெளி வைக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் படவில்லையே என்று அதை லேசாகச் சொல்லக் கூடாது. காதுக்குப் பக்கத்தில் சிநேகிதி குரல் நிஜமாக இருக்கிறது என்றால், வேண்டாதவன் குரலும் அங்கே அதே அளவு நிஜம்தான். தனி அறையைத் திறந்து, எண்ணைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

எனக்கு நிஜமாகக் கோபம் வருவது ஓடிடி விஷயத்தில். நாங்கள் நாலு பேரும் தனித்தனியாகச் சந்தா கட்டுகிறோம். ஆனாலும் புதுப் படத்தை அறையில் போட்டால் திரை கறுப்பாகிவிடும், சத்தம் மட்டும் வரும். நகல் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிற டிஆர்எம் பூட்டு அது. திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தவர்கள் சேர்ந்து பார்க்க வழி வைக்கலாமே. ஒவ்வொருத்தர் கணக்கிலும் படம் தனித்தனியாக ஓடட்டும், ஓட்டுவதும் நிறுத்துவதும் மட்டும் ஒன்றாக நடக்கட்டும். டிஸ்னி பிளஸ் 2020-ல் குரூப்வாட்ச் என்று இதைத்தான் செய்தது, 2023-ல் எடுத்துவிட்டது. 2019 டிசம்பரில் பாரமவுண்ட் என்கிற ஹாலிவுட் பட நிறுவனம் பிக்ஸ்கிரீனோடு சேர்ந்து வி.ஆர். தியேட்டரில் டிக்கெட் போட்டே படம் காட்டியது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. தமிழ்த் தயாரிப்பாளர்கள், தியேட்டரில் படம் ஓடி முடிந்த பிறகு, சனிக்கிழமை ராத்திரி ஒரு காட்சி இப்படிப் போட்டால் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுக்க நாங்கள் தயார். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் தனியாக இருக்கிற நம் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள்! அதுவரைக்கும், உரிமை வைத்திருக்கிறவர்களே யூடியூபில் முழுசாகப் போட்டிருக்கிற பழைய படங்கள்தான் எங்களுக்கு. திருட்டுப் பிரதியை எங்கள் அறையில் ஓட்டுவதில்லை.

படம் முடிந்த பிறகு யாரும் உடனே கழற்றுவதில்லை. திரை வெறுமையாக இருக்கும், நாங்கள் அப்படியே உட்கார்ந்து பேசுவோம். மாமனார் ஆபரேஷன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வேலையை விடலாமா வேண்டாமா, எல்லாம் அங்கேதான். ஷார்ஜாக்காரிக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தி என்பதால் அவள்தான் கடைசி வரை இருப்பாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் சொன்னதை அவள் வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக அந்த இருட்டில்தான் எங்களிடம் சொன்னாள். போனில் சொல்ல வரவில்லை என்றாள்.

ஹெட்செட் வைத்திருக்கிற வீடுகள் நம் பக்கத்திலும் இப்போது இருக்கின்றன. பெரும்பாலும் பையன்கள் கேம் ஆடி அலுத்துப்போய் அலமாரியில் கிடக்கிறது. அக்காமாரே, அதை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். அறை திறப்பது, எண் அனுப்புவது, குரல் செட்டிங் எது புரியாவிட்டாலும் இன்பாக்ஸில் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் உறங்கின பிறகு, ஒன்பது மணிக்கு மேல் பதில் போடுவேன்.